அறிவியல் சுதந்திரமும் பொறுப்பும்: கல்லூரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவியல் சுதந்திரம் என்றால் பேச்சுச் சுதந்திரம்தானே? அதைத் தனியாக ஏன் கற்பிக்க வேண்டும்?

இரண்டும் ஒன்றல்ல. பேச்சுச் சுதந்திரத்தில் ஆதாரம் இல்லாமலும் ஒருவர் பேசலாம். அறிவியல் சுதந்திரம் ஒரு கேள்வியை எழுப்பவும், அதை ஆராயவும், கிடைத்த முடிவைப் பயன்படுத்தவும், ஒளிக்காமல் வெளியிடவும் உள்ள உரிமை. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2017இல் ஏற்ற அறிக்கை இந்த உரிமையைப் பொறுப்பிலிருந்து பிரிக்க முடியாதது என்கிறது. நேர்மை, மனித குலத்தின் நலன், சுற்றுச்சூழல் பராமரிப்பு, மனித உரிமைகளுக்கு மரியாதை ஆகிய நான்கையும் பொறுப்பின் உள்ளடக்கமாக அது சொல்கிறது.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கு இன்றியமையாத சுதந்திரத்தை அரசுகள் மதிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது. நம் அரசியல் சாசனத்தின் 51அ (எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக வைத்திருக்கிறது. அது 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. கவனியுங்கள், முதலாவது உரிமையைச் சொல்கிறது, இரண்டாவது கடமையைச் சொல்கிறது. முதல் வகுப்பில் இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கென்று தனித்தாள் வைக்கலாமா?

வைக்காமல் இருப்பதே நல்லது. மதிப்புக் கல்வித் தாளுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். ஐந்து அலகு, இரண்டு மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று ஆகி, 'பொறுப்பின் வகைகள் ஆறு' என்று மாணவர் மனப்பாடம் செய்வார். பாடம் நடத்துபவரும் அந்த ஆண்டு பணிச்சுமை குறைவாக உள்ள யாரோ ஒருவராக இருப்பார்.

ஒவ்வொரு துறையும் ஒரு செமஸ்டரில் இரண்டு பீரியட் ஒதுக்கட்டும், தன் பாடத்துக்குள்ளேயே, தன் துறையின் வழக்கை வைத்து நடத்தட்டும். வேதியியல் மாணவருக்கு வேதியியல் ஆசிரியர் சொன்னால்தான் அது தொழிலின் பகுதியாகத் தெரியும். வெளியிலிருந்து ஒருவர் வந்து சொன்னால் அது அறிவுரை.

எங்கே தொடங்குவது?

லேபில். அதுவும் முதலாம் ஆண்டில்.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 100 செ.மீ. வைத்து 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தால் சுமார் 40 விநாடி வரும். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலின் தாமதமே 0.2 விநாடி இருக்கும். அது அலைவு நேரத்தில் 0.5% பிழை. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் பிழை 1% ஆகிறது. அதாவது கைப்பிசகு இல்லாத மாணவருக்கும் 9.7 முதல் 9.9 வரை எதுவும் வரலாம், சிலருக்கு அதையும் தாண்டும். ஆனால் அறுபது பேர் ரெக்கார்டையும் புரட்டிப் பாருங்கள், 9.79, 9.80, 9.81 என்றே வரிசையாக இருக்கும். பாதிப் பேர் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதியிருக்கிறார்கள்.

மாணவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. நிர்ணயித்த மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண் என்று நாம்தான் வைத்திருக்கிறோம். தரவைத் திரிப்பதற்கான முதல் பயிற்சியை நம் மதிப்பெண் முறையே தருகிறது. டைட்ரேஷனிலும் இதே கதை. இரண்டு ரீடிங் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும் என்றால், ஒத்துப்போகாத மூன்றாவது ரீடிங் அப்சர்வேஷன் நோட்டிலிருந்தே காணாமல் போகும்.

மாற்ற வேண்டியவை இவை. அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தவறை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், வைட்னர் கூடாது. ஆசிரியர் அன்றைக்கே, சோதனை மேசையிலேயே கையெழுத்திட வேண்டும். அடுத்த வாரம் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதால்தான் ரீடிங் வீட்டில் பிறக்கிறது. சோதனைக்குப் பத்து மதிப்பெண் என்றால் விடையின் நெருக்கத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூல ரீடிங்குகள் முழுமையாக இருப்பதற்கு நான்கு, பிழையை மதிப்பிட்டு அதன் காரணத்தைச் சொல்வதற்கு நான்கு. கடைசியில் வகுப்பின் அறுபது மதிப்புகளையும் பலகையில் பட்டை வரைபடமாக வரையுங்கள். நேர்மையான வகுப்பின் படம் அகலமாகப் பரவியிருக்கும். ஊசிபோல் ஒல்லியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, மாணவர்களே சிரித்துவிடுவார்கள்.

லேப் இல்லாத துறைகளில் இதற்கு இணையான பயிற்சி உண்டா?

நாணயம். பாதி வகுப்பு 100 தடவை உண்மையில் சுண்டி எழுதட்டும், மறுபாதி சுண்டாமல் மனதிலிருந்து எழுதட்டும். தாள்களைக் கலந்து வாங்குங்கள். உண்மையான நூறில் பூவோ தலையோ தொடர்ந்து ஐந்து முறை விழும் இடம் எங்காவது இருப்பதற்கு 97% வாய்ப்பு உண்டு. மனதிலிருந்து எழுதுபவர் மூன்று தலை வந்ததுமே பயந்து பூவுக்கு மாறிவிடுவார். நீண்ட தொடர் இல்லாத தாள்களைப் பிரித்தெடுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதன்பின், கேள்வித்தாளை மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பும் சர்வே மாணவருக்குத் தனியாக எச்சரிக்கை தேவைப்படாது.

ஐம்பது நிமிட பீரியடில், அறுபது பேரை வைத்து ஒரு வழக்கை எப்படி நடத்துவது?

மாணவர்களுக்கு முடிவு தெரியாத வழக்காக எடுங்கள். புள்ளியியல், பொருளியல், வணிகவியல் வகுப்புகளுக்குக் கிரேக்க நாட்டு வழக்கு நன்றாகப் பொருந்தும். ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ 2010 ஆகஸ்டில் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவரானார். 2009ஆம் ஆண்டின் அரசு நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13.6% என்று அதற்கு முன் சொல்லப்பட்டிருந்தது. அவர் கணக்கில் 15.4% வந்தது. நிறுவனத்தின் குழுவில் இருந்தவர்கள் எண்ணைக் குழுவின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றார்கள். ஐரோப்பியப் புள்ளியியல் நெறிமுறைப்படி வெளியிடும் பொறுப்பு தலைவருக்கு மட்டுமே உரியது. இங்கே கதையை நிறுத்துங்கள்.

இதுவரையிலான செய்தி அரைப் பக்கத் தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். வாசிக்க 5 நிமிடம். அடுத்த 5 நிமிடத்தில் ஒவ்வொருவரும் பெயர் போடாத துண்டுத்தாளில் 'நான் வெளியிடுவேன்' அல்லது 'வாக்குக்கு விடுவேன்' என்று எழுதி, கீழே ஒரு வரியில் காரணம் எழுதட்டும். பிறகு ஐவர் ஐவராகப் பன்னிரண்டு குழுக்கள், 15 நிமிடம். பன்னிரண்டு குழுக்களையும் பேச விட்டால் பீரியட் போதாது. ஒன்றோடொன்று மோதும் நான்கு குழுக்களை மட்டும் 10 நிமிடம் பேச வையுங்கள். அப்புறம் நடந்ததை 5 நிமிடத்தில் சொல்லுங்கள். அவர் வாக்குக்கு விடாமல் வெளியிட்டார், ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பு அந்த எண்ணை ஏற்றது, ஆனாலும் கிரேக்க நீதிமன்றம் 2017இல் கடமை மீறல் என்று அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த 8 நிமிடம் ஒரே கேள்வி: எண் சரியா என்பதை வாக்கெடுப்பால் தீர்மானிக்க முடியுமா, முடியாது என்றால் தனி மனிதரின் தவறைத் தடுப்பது எது? கடைசி 2 நிமிடத்தில் துண்டுத்தாளின் பின்பக்கம், தன் முடிவு மாறியதா என்று எழுதி வாங்குங்கள்.

எங்கே கெடும்? பெரும்பாலும் இரண்டாவது படியில். தாளுக்குப் பதிலாகக் கை தூக்கச் சொன்னால் எல்லாரும் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்குவார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விவாதம் இருக்காது, பாராட்டு விழாதான் நடக்கும். குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தால் மூவர் பேசுவார்கள், மற்றவர்கள் போன் பார்ப்பார்கள்.

மாணவர்கள் எப்போதும் 'உண்மையைச் சொல்வேன்' என்ற சரியான பதிலையே சொல்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி எளிதாக இருக்கிறது என்று பொருள். விலையைச் சேருங்கள். 'உங்கள் நெறியாளர்தான் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்', 'உங்கள் உதவித்தொகை அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும்', 'சொன்னால் கூடப் படிப்பவரின் பட்டம் போகும்'. அப்போதுதான் மௌனம் வரும். அந்த மௌனத்தை உடனே நிரப்பாதீர்கள், அரை நிமிடம் விடுங்கள்.

துறைவாரியாக எந்த வழக்குகள் பொருந்தும்?

இயற்பியலுக்கு யான் ஹெண்ட்ரிக் ஷோன். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவருடைய வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. 2002இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு உறுதி என்றது. அந்தக் கட்டுரைகளைச் சேர்ந்து எழுதியவர்கள் மூல ரீடிங்கைக் கேட்கவே இல்லை என்பதுதான் வகுப்பில் நிற்க வேண்டிய இடம்.

பொருளியலுக்கு ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90% தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1% என்றார்கள். பல நாடுகளில் சிக்கனக் கொள்கைக்கு அது ஆதாரமானது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பச் செய்து பார்த்தார், எண் ஒட்டவில்லை. அவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரிச் சூத்திரம் 30 முதல் 49 வரையிலான வரிசைகளை எடுக்காமல் 44இலேயே நின்றிருந்தது. அகர வரிசையில் முதல் ஐந்து நாடுகள் விடுபட்டன. ஹெர்ண்டனும் அவர் ஆசிரியர்களும் கணக்கிட்டபோது 2.2% வந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வித்தியாசத்தின் பெரும்பகுதி எக்செல் தவறால் வந்ததல்ல, எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எப்படி எடையிடுவது என்ற முடிவுகளால் வந்தது. எக்செல் தவறு சிரிப்புக்கு நன்றாக இருக்கிறது என்பதால் இதை மறைக்கக் கூடாது. கேட்டபோது தாளை அனுப்பியதும் பாராட்ட வேண்டிய செயல்தான்.

கணினி அறிவியலுக்கும் உளவியலுக்கும் சேர்த்து ஒன்று. 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்து, அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2014இல் கட்டுரை வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற பொத்தான் ஆய்வுக்கான ஒப்புதல் ஆகுமா என்று கேளுங்கள்.

தாவரவியலுக்கு அகத்தியமலைக் காணி மக்களின் ஆரோக்கியப்பச்சை. 1987இல் களப்பணிக்குப் போன ஆய்வாளர்கள் காணி வழிகாட்டிகள் சோர்வு நீங்கத் தின்ற காயிலிருந்து இதை அறிந்தார்கள். மருந்து உருவானபோது உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் பணத்தை யாரிடம் தருவது, எல்லாக் காணிகளுக்கும் யார் பேசுவது என்று அப்போதே கேள்வி எழுந்தது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தைப் படிக்க இதைவிட நல்ல வாசல் இல்லை. மரபியலுக்கு, லைசென்கோவை எதிர்த்த சோவியத் தாவர மரபியலாளர் வவிலோவ்: 1940இல் கைது, 1943இல் சரதோவ் சிறையில் மரணம், 1948இல் மரபணுவையே மறுத்த லைசென்கோவின் கொள்கை சோவியத் வேளாண் அறிவியலின் அதிகாரபூர்வக் கொள்கை.

சமூகப்பணிக்கும் செவிலியத்துக்கும் அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வைச் சொல்வது வழக்கம். 1932 முதல் 1972 வரை 399 கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை மருந்து தராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் சொன்னால் 'வெள்ளைக்காரன் கொடுமை' என்று வகுப்பு முடிந்துவிடும். பக்கத்திலேயே கம்மத்தை வையுங்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆய்வுக் காலத்தில் நேர்ந்த சிறுமிகளின் மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இருந்தது. தடுப்பூசி பாதுகாப்பானதாக இருந்தும் ஆய்வு தவறாக நடக்க முடியும். இந்த இரண்டையும் மாணவர் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும், அதுதான் கடினம்.

வரலாற்றுத் துறையில் கீழடியைப் பேசலாமா? பிரச்சினை வருமா?

பேசாவிட்டால்தான் வியப்பு. ஆனால் தயாரிப்பு வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் அறிக்கையைத் திருத்தித் தரும்படி துறை கேட்டது, முதல் காலகட்டத்துக்கு அவர் தந்த கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு என்ற வரையறைக்கு வலுவான நியாயம் வேண்டும் என்றது. அவர் மண்ணடுக்கையும் காலக்கணிப்பையும் காட்டித் தன் முடிவில் நின்றார். மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரி கி.மு. 580 என்று வந்ததும் 2019இல் வெளியானது.

வகுப்பில் உணர்ச்சி பொங்கும். அதைத் தடுக்க வேண்டாம், திசை மாற்றுங்கள். முதல் பயிற்சி: கரிமாதிரியின் வயது கரியின் வயது. பானை ஓட்டில் கீறிய எழுத்தின் வயதை அதே மண்ணடுக்கில் இருப்பதை வைத்துத்தான் சொல்கிறோம். அடுக்கு குலைந்திருந்தால் என்ன ஆகும், குலையவில்லை என்று எப்படிக் காட்டுவது? இதை விளக்கத் தெரியாத மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும் பயனில்லை. இரண்டாவது: சக அறிஞர் மதிப்பாய்வையும் தலையீட்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? எழுத்தில் இருக்கிறதா, மறுப்புக்குத் தரவு காட்டியிருக்கிறதா, எழுதியவர் அந்தத் துறை வல்லுநரா, பதில் சொல்ல வாய்ப்பு உண்டா, காலக்கெடு நியாயமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, கொஞ்சம் வலிக்கும்: அந்த மாதிரி கி.பி. 200 என்று வந்திருந்தால் இதே ஆய்வுக்கூடத்தை இதே மரியாதையுடன் நம்பியிருப்பீர்களா?

தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை?

நிறைய. நாட்டார் பாடல் தொகுக்கப் போகும் மாணவர் செய்வது களஆய்வு. மருத்துவ ஆய்வில் தகவலாளியின் பெயரை மறைப்பது மரியாதை. ஒப்பாரி பாடிய பாட்டியின் பெயரை மறைத்து 'தகவலாளி 7' என்று எழுதுவது பெரும்பாலும் அவமரியாதை, பாட்டு அவருடையது. எனவே படிவத்தில் பெயர் போடலாமா, பதிவை இணையத்தில் ஏற்றலாமா, சாதிப் பெயர் வரும் வரிகளை அச்சிடலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். படிவத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே வாங்குவது நடைமுறைக்கு எளிது. பதிப்பு வேலைக்கு உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைக் கையில் கொடுங்கள். தான் ஏற்காத பாடபேதத்தையும் (ஏட்டுக்கு ஏடு மாறுபடும் சொல்லையும்) அடிக்குறிப்பில் தந்தவர் அவர். ஒத்துப்போகாத ரீடிங்கை அழிக்காமல் வைப்பதும் அதே குணம்தான்.

இளங்கலை ப்ராஜெக்டுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா?

மனிதரிடமிருந்து உடல்நலத் தகவலோ மாதிரியோ எடுத்தால், ஆம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும், தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், கூட்டம் நடக்க ஐவராவது தேவை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். அதோடு 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் எழுத்து இசைவும் வாங்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் பெற்றோர் ஒப்புதல் ஆகாது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

மற்ற சர்வேக்களுக்குத் துறை அளவில் மூவர் பார்த்தால் போதும். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது இயங்கும்போது 'உங்கள் அடையாளம் வெளியே தெரியாது' என்று மேலே எழுதியிருப்பது பொய். தன் வகுப்பு மாணவரிடமே ஆசிரியர் சர்வே எடுப்பதாக இருந்தால் இன்டர்னல் மதிப்பெண் பதிவேற்றிய பிறகு எடுக்கட்டும்.

கருத்துத் திருட்டைப் பார்க்கும் மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10%க்குக் கீழ் இருந்தால் திருட்டு இல்லை என்று பொருளா?

இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10% வரை தண்டனை இல்லை என்கின்றன. 40% வரை, 60% வரை, அதற்கு மேல் என்று மூன்று நிலைகளில் தண்டனை கூடுகிறது. மேற்கோள்கள், நூற்பட்டியல், சட்டப் பகுதிகள், தொடர்ந்து 14 சொற்கள் வரையிலான பொதுச் சொற்றொடர்கள் ஆகியவை கணக்கில் சேராது. மென்பொருள் பெரும்பாலும் பார்ப்பது சொல் ஒற்றுமையைத்தான். ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கித் தன் பெயரில் தந்தால் அறிக்கையில் பூஜ்ஜியம் வரலாம். கற்பனை செய்த அட்டவணைக்கும் பூஜ்ஜியம்தான். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றித் தருவதை நெறியாளரே சொல்லித்தரும் வழக்கம் உண்டு. அதற்குப் பதிலாக வாய்மொழித் தேர்வில் எந்த வரி யாருடையது என்று மாணவரையே சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

ஆபத்தான ஆராய்ச்சிகளை வகுப்பில் பேசினால் தவறான வழியைக் காட்டியது போலாகாதா?

முடிவெடுத்த விதத்தைப் பேசுங்கள், செய்முறையைப் பேச வேண்டாம். மரபணு இணைப்புச் சோதனைகள் சிலவற்றை 1974இல் தாங்களாகவே நிறுத்திவைத்த உயிரியலாளர்கள், 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, எந்தக் கட்டுப்பாட்டில் தொடரலாம் என்று வரையறுத்தார்கள். மருந்து மூலக்கூறு தேடும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலை நச்சுத்தன்மை தேடும்படி திருப்பியபோது ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளைத் தந்தது என்று 2022இல் அதன் ஆய்வாளர்களே எழுதினார்கள், பட்டியலை வெளியிடவில்லை. வெளியிட்டது சரியா, பட்டியலை மறைத்தது சரியா? வேதியியலும் கணினி அறிவியலும் சேர்ந்து ஒரு பீரியட் நடத்த ஏற்ற கேள்வி.

அரசுக் கல்லூரியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ வேலை பார்க்கும் ஆசிரியர் உள்ளூர் பிரச்சினையில் கருத்துச் சொல்லலாமா?

முதலில் உங்கள் பணி நடத்தை விதியை வாங்கிப் படியுங்கள், கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏரி நீரைச் சோதித்து வெளியிடுவதாக இருந்தால் மாதிரி எடுத்த இடம், நாள், முறை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒரே மாதிரியின் பாதியை வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கல்லூரி லெட்டர்ஹெட் வேண்டாம், சொந்தக் கருத்து என்று குறிப்பிடுங்கள். மாணவர் பெயரைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் தனியாகக் கேளுங்கள், வகுப்பில் எல்லார் முன்னும் கேட்டால் அவரால் மறுக்க முடியாது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எழுபதுகளின் இறுதியில் கேள்வி கேட்டவர்களில் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரும் இருந்தார், மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இருந்தது. அணையை எதிர்ப்பதோடு நிற்காமல் மின்சாரத் தேவையையும் கணக்கிட்டு மாற்றுவழி சொன்னதால்தான் அவர்கள் பேச்சு எடுபட்டது. 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது.

இதற்கு இன்டர்னலில் மதிப்பெண் தரலாமா?

ஐந்து தரலாம். எந்த முடிவை எடுத்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். முடிவால் பாதிக்கப்படுவோர் யார் யார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்கு ஒன்று, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேர்மையாக எழுதியதற்கு இரண்டு, தன் முடிவுக்கு எந்தத் தரவு போதவில்லை என்று சொன்னதற்கு இரண்டு. அறுபது தாளையும் ஒரே மாலையில் திருத்த ஒரு பக்க வரம்பு வையுங்கள். பெயரில்லாத துண்டுத்தாள்களை மதிப்பெண்ணுக்குள் கொண்டுவராதீர்கள், அடுத்த முறை யாரும் மனதில் உள்ளதை எழுத மாட்டார்கள்.